ஆளுக்கு வண்டி வாங்குவோம், மூட்டைக்கு வாடகை கொடுப்போம்



தராசு வாங்கப் போகும் நம் வணிகர் யாரும் அதன் நிறத்தைப் பார்த்து வாங்குவதில்லை. எத்தனை கிலோ தாங்கும், முத்திரை இருக்கிறதா, பழுதானால் யார் வந்து பார்ப்பார்கள் என்று கேட்டுத்தான் வாங்குகிறார். குளிர்பதனப் பெட்டி வாங்கினால் மின்கட்டணம் எவ்வளவு ஏறும் என்று நாலு கடையில் விசாரிக்கிறார். ஆனால் அதே வணிகர் இருசக்கர வண்டி வாங்கப் புறப்பட்டால், கல்லூரிக்குப் போகும் மகன் சொன்ன வண்டி, பக்கத்துக் கடைக்காரர் வாங்கிய வண்டி, குறைந்த முன்பணத்தில் உடனே கிடைக்கும் வண்டி என்று ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, மறுநாளே அதன்மேல் இரண்டு அரிசி மூட்டையையும் ஒரு எண்ணெய் டின்னையும் ஏற்றிவிடுகிறார்.

வண்டியும் தராசைப் போல ஒரு தொழில் கருவிதான். ஒரு வேறுபாடு உண்டு. தராசு தவறினால் சில கிராம் போகும். வண்டி தவறினால் ஆள் போய்விடுவார். ஆகவே இந்த விஷயத்தில் நம் வணிகர்கள் எப்படி முடிவெடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன். ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கலாம். அவர்களும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மறுக்கட்டும்.

பழக்கம் எங்கிருந்து வந்தது?

சைக்கிள் கேரியரில் மூட்டை கட்டிய காலம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அடுத்து வந்தது மொபெட். 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தபோது அது நம்மைப் போன்ற சிறு வணிகர்களுக்காகவே செய்த வண்டி போல இருந்தது. விலை குறைவு, ஓட்டுவது எளிது, கால் வைக்கும் இடத்தில் ஒரு மூட்டை நிற்கும். பால்காரர், காய்கறிக்காரர், மளிகைக்காரர் என்று எல்லோரும் அதற்கு மாறினார்கள். பஜாஜ் எம் 80 வாங்கியவர்களும் உண்டு. கொஞ்சம் வசதியானவர்கள் சேட்டக் ஸ்கூட்டரை வாங்கினார்கள்.

அந்த நாளில் மொத்தக் கடைகள் அருகில் இருந்தன, சாலையில் கூட்டமும் குறைவு. பிறகு ஊர் பெருத்தது. சென்னையில் கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போனதும், வடசென்னைக் கடைக்காரருக்குச் சந்தை தூரம் பல கிலோமீட்டர் கூடிவிட்டது. மதுரைக் கீழமாசி வீதிக்கும், கோவை ரங்கே கவுடர் வீதிக்கும், சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கும் சரக்கு எடுக்கப் போகிறவர்கள் இன்று புறநகரின் கடைசித் தெருவிலிருந்து வருகிறார்கள். தூரமும் கூட்டமும் வேகமும் ஏறின. மூட்டையை வண்டியில் கட்டும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. கோளாறு இங்கேதான் தொடங்குகிறது.

மூட்டை என்ன செய்கிறது?

பையில் அடைத்துப் பெயர் அச்சிட்ட அரிசிக்கு 25 கிலோ வரை ஜி.எஸ்.டி. என்று 2022 ஜூலையில் வந்ததும், 26 கிலோ மூட்டை நம் கடைகளுக்கு வந்து சேர்ந்தது நாம் அறிந்ததே. இரண்டு மூட்டை என்றால் 52 கிலோ. அதோடு 15 கிலோ எண்ணெய் டின் ஒன்று. மொத்தம் 67 கிலோ. இது ஒரு முழு ஆளின் எடை. ஆள் பின்னால் உட்கார்ந்தால் வளைவில் நம்மோடு சாய்வார், பிரேக் போட்டால் கால் ஊன்றிக்கொள்வார். மூட்டை அப்படிச் செய்யாது. அது தன் போக்கில் போகப் பார்க்கும்.

பின்சக்கரத்துக்கும் பின்னால் தள்ளி மூட்டையைக் கட்டினால் முன்சக்கரம் இலகுவாகிவிடும். கைப்பிடி திருப்பினாலும் வண்டி உடனே திரும்பாது. கால் வைக்கும் இடத்தில் மூட்டையை வைத்தால் கால் வெளியே தொங்கும், பிரேக் மிதியைக் கொண்ட வண்டியென்றால் கால் அதைத் தேடும். கைப்பிடியில் பை தொங்கினால் திருப்பும்போது முட்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்கே ஏறக்குறைய ஒரு விநாடி ஆகிறது. அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கத் தொடங்கும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். சுமையும் கூடினால், ஒரு ஆளை நிறுத்தச் செய்த சிறிய பிரேக் அதைத் தாங்கித் திணறும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். இதில் வணிகர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பட்டியலும் பிரித்துச் சொல்வதில்லை. ஆனால் விடியற்காலை இருட்டில் சந்தைக்குப் போய், சரக்கோடு அவசரமாகத் திரும்பி, இரவு கடை அடைத்துக் களைப்போடு வீட்டுக்குப் போகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். சிறு கடைக்கு முதல் மூலதனம் முதலாளியின் உடம்பு. அவர் மூன்று மாதம் படுத்துவிட்டால் கடன் கொடுத்த மொத்த வியாபாரியும் காத்திருக்க மாட்டார், வாடிக்கையாளரும் காத்திருக்க மாட்டார்.

"லாபம் எங்கே நிற்கும்?"

இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி, "லோடு ஆட்டோவுக்கு வாடகை கொடுத்தால் லாபம் எங்கே நிற்கும்?" என்பது. நியாயமான கேள்வி. மளிகையில் கிலோவுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் பார்க்கிறவர்களுக்கு வாடகை பெரிய விஷயம்தான். ஆகவே கணக்குப் போடுவோம்.

ஒரு கடைக்காரருக்கு ஐந்து மூட்டை அரிசி தேவை. மொத்தக் கடைக்குப் போய்வர 12 கிலோமீட்டர். மொபெட்டில் தடவைக்கு இரண்டு மூட்டை என்றால் மூன்று நடை, 36 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிறது, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் செலவு 72 ரூபாய். மூன்று நடைக்கும் குறைந்தது மூன்று மணி நேரம். அந்த நேரத்தில் கடையைச் சாத்த வேண்டும், அல்லது கல்லாவை இன்னொருவரிடம் விட வேண்டும்.

இப்போது லோடு ஆட்டோ 400 ரூபாய் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். தெருவில் நாலு கடைக்காரர்கள் சேர்ந்தால் தலைக்கு 100 ரூபாய். ஐந்து மூட்டைக்கு 100 என்றால் மூட்டைக்கு 20. கிலோவுக்கு 77 காசு. மொபெட்டில் கொண்டுவருவதற்கும் இதற்கும் வேறுபாடு 28 ரூபாய். மூன்று மணி நேரம் கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தால் 28 ரூபாய் கிடைக்காதா? வண்டியின் டயர், பிரேக் கட்டை, சஸ்பென்ஷன் தேய்மானத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

கடைக்காரர்கள் தனித்தனியாகப் போனால் இந்தக் கணக்கு ஒத்துவராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒருவருக்கு மட்டும் 400 ரூபாய் என்றால் கட்டுப்படியாகாது. ஆகவே தெருவுக்கு நாலு பேர் சேர்ந்து, வாரத்தில் இரண்டு நாள் என்று ஒரே நாளில் சரக்கு எடுக்க வேண்டும். போட்டிக் கடைக்காரரோடு எப்படிச் சேர்வது என்று தயங்குகிறவர்கள், பெரிய அங்காடிகளுக்குச் சரக்கு லாரியில் வருகிறது என்பதை நினைத்துப் பார்க்கட்டும். 2005இல் டாடா ஏஸ் வந்து, நம் மக்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தபிறகு, சிறு சரக்குக்கு வாடகை வண்டி கிடைக்காத ஊரே இல்லை என்று சொல்லலாம். குட்டி யானை சுமக்க வேண்டியதை மொபெட்டின் தலையில் கட்டுவது ஏன்?

ஒரு மூட்டை, ஒரு பை, நாலு வீட்டுச் சாமான் என்பது வேறு. அதற்கு இருசக்கர வண்டி போதும். அதற்கு மேல் போனால் வாடகை வண்டி. இதுதான் என் கோடு.

மூட்டையை இறக்கிவிட்டால் எந்த வண்டி?

மூட்டையை மனத்திலிருந்து இறக்கியதும் வண்டி தேர்வு எளிதாகிவிடும். வாங்குவதற்கு முன் ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறோம், அதில் ஊருக்குள் எவ்வளவு, நெடுஞ்சாலையில் எவ்வளவு, என்ன சுமை, யார் யார் ஓட்டுகிறார்கள். ஏழு நாள் எழுதினால் விற்பனையாளர் சொல்லாத பல உண்மைகள் அந்த நோட்டில் இருக்கும்.

ஊருக்குள்ளேயே நாளுக்கு பத்துப் பதினைந்து கிலோமீட்டர், அவ்வப்போது ஒரு மூட்டை என்றால் மொபெட் இன்றும் குறைவில்லாத வண்டிதான். இப்போதைய 100 சி.சி. மொபெட் 90 கிலோவுக்குள் இருக்கிறது, சக்கரமும் பெரியது. ஆனால் அதை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். பின்னால் வரும் லாரியின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது.

தினமும் 30, 40 கிலோமீட்டர், அதிலும் பக்கத்துக் கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்துபோகிறவர் என்றால் 100 முதல் 125 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிளே சிறந்தது. 17, 18 அங்குலச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலும் எழும். எரிபொருள் குறைவு. எந்த ஊர் மெக்கானிக்கும் கழற்றிப் பூட்டுவார். 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது முதல் இந்த வகை வண்டிகள் சிக்கனத்துக்குப் பெயர் பெற்றவை. மலைப்பாதையில் இறங்குகிறவர்களுக்கும் கியர் வண்டியே நல்லது, ஏனெனில் இறக்கத்தில் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

ஊருக்குள் அடிக்கடி நின்று நின்று போக வேண்டும், கடையைக் கணவன் மனைவி இருவரும் பார்க்கிறார்கள், இருவரும் ஓட்ட வேண்டும் என்றால் 110 அல்லது 125 சி.சி. ஸ்கூட்டர். 1984இல் கைனடிக் ஹோண்டாவும், பிறகு 2001இல் ஆக்டிவாவும் வந்தபின் கியர் இல்லாத ஸ்கூட்டர் குடும்ப வண்டியாகிவிட்டது. பூட்டும் வசதியுள்ள இருக்கைக்கு அடியில் கணக்கு நோட்டும் பணப்பையும் வைக்கலாம். ஆனால் பெரும்பாலான ஸ்கூட்டர்களின் சக்கரம் 10 அல்லது 12 அங்குலம்தான். குழிச் சாலையில் அடி நேராக முதுகுக்கு வரும். ஆகவே 12 அங்குல முன்சக்கரமும், முன்னால் டிஸ்க் பிரேக்கும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். உட்கார்ந்தால் இரண்டு காலும் முழுதாகத் தரையில் பட வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய, மூட்டுவலி உள்ள வணிகருக்கு இது ஒன்றே போதுமான சோதனை.

பெரிய வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 350 சி.சி. புல்லட் ஏறக்குறைய 195 கிலோ. அகலமான உடம்போடு பார்வைக்குப் பெரிதாக வரும் ஸ்கூட்டர்களும் இப்போது உண்டு. அவற்றில் வெகுதூரம் சுகமாகப் போகலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் கடை வாசலில், இரண்டு தள்ளுவண்டிக்கு நடுவில், நாளுக்கு இருபது தடவை எடுத்து நிறுத்துகிறவருக்கு எடை ஒரு தண்டனை. சொந்த ஆசைக்காக வாங்குகிறவர்கள் வாங்கட்டும், உழைத்துச் சம்பாதித்த பணம். கடைக்காக வாங்குகிறேன் என்று மட்டும் கணக்கில் எழுத வேண்டாம்.

மின்சார வண்டி

தினசரி ஓட்டம் தெரிந்த அளவுக்குள் இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு மின்சார ஸ்கூட்டர் கணக்குக்கு ஒத்துவரும். நாளுக்கு 30 கிலோமீட்டர், வருடத்துக்கு 300 நாள் என்றால் 9,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டருக்கு 200 லிட்டர், அதாவது 20,000 ரூபாய். மின்சார வண்டி நூறு கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட் எடுத்தால் 315 யூனிட். கடை மின்இணைப்பில் யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும் 3,150 ரூபாய்தான். வீட்டில் சார்ஜ் செய்கிறவர்கள் இருமாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், தாண்டினால் விகிதமே மாறிவிடும்.

ஆனால் மானியத்தை நம்பி அவசரப்படாதீர்கள். 2019இல் தொடங்கிய மத்திய அரசின் மானியத் திட்டத்தில் 2023 ஜூனில் தொகை வெட்டப்பட்டது. அதன்பின் வந்த திட்டத்திலும் 2025இல் பாதியாகக் குறைந்தது. மானியம் இல்லாவிட்டாலும் கட்டுப்படியாகுமா என்று பார்த்து வாங்குவதே வணிகருக்கு அழகு. உங்கள் ஊரிலேயே சர்வீஸ் நிலையம் இல்லாத வண்டி வேண்டாம். பேட்டரிப் பாதுகாப்புக்கான கடுமையான விதிகள் 2022 டிசம்பர், 2023 மார்ச் என்று இரண்டு கட்டமாக வந்தன. ஆகவே அதற்கு முன் தயாரான பழைய மின்சார வண்டியை மலிவு என்று வாங்காதீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். மளிகைக் கடைக்குள் பேட்டரியை வைத்து இரவு முழுவதும் சார்ஜ் போடாதீர்கள். நம் கடையில் கற்பூரம், தீப்பெட்டி, எண்ணெய், அட்டைப்பெட்டி, கோணி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. எர்த் உள்ள தனிப் பிளக்கில், காற்றோட்டமான வெளியிடத்தில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்யுங்கள்.

விலைச் சீட்டில் இல்லாத செலவுகள்

2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 350க்கு மேல் 40 சதவீதம் ஆனது. வரிக்கு முன் 70,000 ரூபாய் உள்ள வண்டியில் இது 7,000 ரூபாய் மிச்சம். அந்த 7,000த்தைக் கொண்டு ஒரு படி பெரிய வண்டிக்குப் போகாதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள நல்ல தலைக்கவசம் இரண்டு, வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து காப்பீடு, நல்ல பூட்டு ஆகியவற்றுக்குச் செலவிடுங்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கக் கூடாது.

தவணையில் வாங்குகிறவர்கள் வட்டியைக் கேட்கும் விதத்தை மாற்ற வேண்டும். ஒரு லட்சம் கடன், "வட்டி 10 சதவீதம்தான்", மூன்று வருடம் என்பார்கள். முழுத் தொகைக்கும் மூன்று வருடமும் 10 சதவீதம் போட்டால் வட்டி 30,000. மாதத் தவணை 3,611 ரூபாய். ஆனால் நாம் மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறோமே! குறைந்துவரும் பாக்கிக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி சுமார் 18 சதவீதம். சரக்குக் கடனில் அரை வட்டி கூடினால் சண்டை போடும் நாம், வண்டிக் கடனில் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறோம்.

முடங்கும் முதலையும் பாருங்கள். 90,000 ரூபாய் வண்டிக்குப் பதில் 2,20,000 ரூபாய் வண்டி வாங்கினால் 1,30,000 ரூபாய் கூடுதலாக முடங்குகிறது. அதே பணம் சரக்கில் இருந்து, மாதம் ஒருமுறை சுழன்று, செலவெல்லாம் போக 3 சதவீதம் நின்றால் வருடத்துக்கு 46,800 ரூபாய். பெரிய வண்டியை விற்கும்போது நல்ல விலை கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் அது வாங்கும்போது கொடுத்ததைவிடக் கூடாது.

காப்பீட்டைப் பொறுத்தவரை, 2018 செப்டம்பர் முதல் புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். 2022 ஜூனில் அறிவித்த விகிதப்படி 75 முதல் 150 சி.சி. வரை ஐந்து வருடத்துக்கு 3,851 ரூபாய், 150 முதல் 350 வரை 7,365 ரூபாய். இந்தக் காப்பீடு நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டுமே. வண்டி திருடுபோனால் ஒரு காசு வராது. மூட்டை சிதறினாலும் வராது. உரிமையாளரே ஓட்டும்போது ஏற்படும் விபத்துக்கு 15 லட்ச ரூபாய் தனிநபர் காப்பீடு உண்டு. வண்டியைக் கூட்டு நிறுவனத்தின் பெயரில் பதிந்தால் அது கிடைக்காது. ஆகவே ஓட்டுகிற பங்குதாரரின் பெயரிலேயே பதிவது நல்லது.

பழைய வண்டி வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் பதிவுப் புத்தகத்தை உடனே மாற்றிவிட வேண்டும். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. "தெரிந்தவர்தான், பிறகு மாற்றிக்கொள்வார்" என்று விட்டால், என்றோ விற்ற வண்டிக்கு நாம் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.

யார் ஓட்டப் போகிறார்?

வண்டி வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம், படித்து முடித்தபின் இது மனத்தில் நிற்க வேண்டும் என்பதே.

கடைப் பையனிடம் சாவியைக் கொடுத்து, "நாலு தெரு தள்ளித்தான், சாமானைக் கொடுத்துவிட்டு வா" என்று அனுப்புகிறோம். அவனிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா? இருந்தாலும் அது கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமான உரிமமா? அப்படியென்றால் நீங்கள் வாங்கும் மோட்டார் சைக்கிளை அவன் ஓட்டக் கூடாது. கடை ஊழியர் ஓட்டுவதாக இருந்தால் அவர் உரிமத்தைப் பார்த்துவிட்டே வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உரிமம் இல்லாதவர் விபத்து செய்தால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு அதை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்க முடியும். வேலையின்போது ஊழியர் அடிபட்டால் அந்தப் பொறுப்பும் நம்மைச் சேரும்.

பதினெட்டு வயதாகாத பிள்ளை என்றால் இன்னும் கடுமை. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமமும் கிடைக்காது. பள்ளி விடுமுறையில் கடைக்கு உதவி செய்ய வரும் மகன் பொட்டலம் மடிக்கட்டும், கணக்கு எழுதட்டும். வண்டிச் சாவியை அவன் கண்ணில் படும்படி ஆணியில் மாட்டிவைக்காதீர்கள்.

தலைக்கவசம் இல்லாமல் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடை ஊழியருக்குத் தலைக்கவசம் வாங்கிக் கொடுத்த கடைகள் எத்தனை? வண்டியோடு சேர்ந்த பொருளாக அதைக் கருத வேண்டும். சாவி எடுக்கும் இடத்திலேயே தலைக்கவசமும் தொங்கட்டும்.

மொத்த வணிகர்களுக்கும் சங்கங்களுக்கும்

இது சில்லறைக் கடைக்காரர் மட்டும் சரிசெய்யக் கூடிய விஷயம் அல்ல. மொத்த வணிகர்கள் தம் வாசலில் ஒரு மொபெட்டில் மூன்றாவது மூட்டையை ஏற்றும்போது, "அண்ணாச்சி, இதை மாலை வண்டியில் அனுப்புகிறேன்" என்று சொல்ல வேண்டும். நாலு கடைக்குச் சேர்த்து ஒரு தடத்தில் வண்டி விட்டால், வாடிக்கையாளரும் கைவிட்டுப் போகமாட்டார், விற்பனையும் கூடும். கடன் பாக்கி வைத்திருப்பவர் நலமாக இருப்பது மொத்த வணிகருக்கும் நல்லதல்லவா?

சங்கங்கள் செய்ய வேண்டியவை மூன்று. தெருவாரியாக வாரத்தில் இரண்டு நாள் கூட்டு லோடு வண்டிக்கு ஏற்பாடு செய்து, வாடகையை முன்கூட்டியே பேசி முடிப்பது. கடை ஊழியர்கள் ஓட்டுநர் உரிமம் பெற வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தோடு பேசி முகாம் நடத்துவது. தலைக்கவசங்களை மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்கு அடக்க விலையில் கொடுப்பது. பருப்பையும் புளியையும் மொத்தமாக வாங்கி விலை குறைக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியம் இல்லை. அடுத்த பொதுக்குழுவில் மற்ற தீர்மானங்களோடு இந்த மூன்றையும் வைக்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

உறுப்பினர்கள் வண்டி வாங்கப் போகும்போது நோட்டைக் கையில் கொண்டுபோங்கள். ஓட்டுகிறவரை உட்கார வைத்துப் பாருங்கள். பிரேக்கைப் பாருங்கள். வட்டியைக் குறைந்துவரும் பாக்கிக்குக் கேளுங்கள். மூட்டையை மட்டும் கடைசிவரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு வாடகை வண்டி இருக்கிறது.